ஓடிபி எந்த நம்பருக்கு வரும்?

வெளிநாடு கிளம்பும் சொந்தக்காரர்கள் யாராவது போனை நீட்டி, "என்னென்ன ஆப் போட்டுக்கணும், சொல்லுங்க" என்றால், பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "அங்க போனதும் ஓடிபி எந்த நம்பருக்கு வரும்?" பெரும்பாலும் முழிப்பார்கள். எந்த ஆப் நல்லது என்று சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் எந்த ஆப்பும் முதல்முறை திறந்ததும் பெயர் கேட்கும், நம்பர் கேட்கும், ஓடிபி அனுப்பும், கார்டைச் சேர்க்கச் சொல்லும், அதற்குத் தனியாக இன்னொரு ஓடிபி அனுப்பும். இந்தச் சடங்கையெல்லாம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, நம் சிம்மில் சிக்னல் முழுதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நடுராத்திரி, பாஷை தெரியாத ஊரின் ஏர்போர்ட் வாசலில், பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

அதனால் என் பட்டியல் ஆப்பில் தொடங்காது, சிம்மில் தொடங்கும். இந்திய சிம்மைக் கழற்றவே கழற்றாதீர்கள். யூபிஐ ஆப்கள் நம் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்மைப் பதிவு செய்கின்றன. பல வங்கி ஆப்களும் அப்படியே. அந்த இடத்தில் உள்ளூர் சிம் ஒன்றைச் செருகினால், ஆள் மாறிவிட்டார் என்று நினைத்து முதலிலிருந்து பதிவு செய்யச் சொல்லும். அங்கே அது நடக்காது. இந்திய சிம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அங்கே இன்டர்நெட்டுக்கு இ-சிம் போட்டுக்கொள்ளலாம். உங்கள் போனில் இ-சிம் ஓடுமா என்று பார்க்க *#06# அழுத்துங்கள். வருகிற எண்களுக்கு நடுவே இஐடி என்று ஒரு நீள எண் தெரிந்தால் ஓடும்.

ஏரலோ போன்ற ஆப்பில் போகும் நாட்டுக்கான இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே வாங்கி ஏற்றிவிடலாம். ஏற்றுவதற்கே நெட் வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சில நிறுவனங்கள் க்யூஆர் கோடை மெயிலில் அனுப்பும். தன் திரையில் இருக்கிற கோடைத் தன் கேமராவால் போன் எப்படிப் பிடிக்கும்? வீட்டில் லேப்டாப்பில் திறந்தோ, பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்தோ வேலையை முடித்துவிடலாம். பல திட்டங்களில் நாள் கணக்கு அந்த ஊர் நெட்வொர்க்கைத் தொட்ட பிறகுதான் ஆரம்பிக்கும். சிலவற்றில் ஏற்றிய நிமிடமே ஆரம்பித்துவிடும். வாங்குமுன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

இறங்கியதும் செட்டிங்ஸில் இரண்டு வேலை. இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன், இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப். மாற்றிப் போட்டுவிட்டால் ஊர் திரும்பியதும் பில் பேசும். எஸ்எம்எஸ் வந்து சேர இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் வசதி திறந்திருக்க வேண்டும். அதற்கு பேக் போட வேண்டுமா, உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டா என்பதை உங்கள் சிம் கம்பெனியிடம் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பரை மாற்ற வேண்டுமா என்று வாட்ஸ்அப் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வங்கியின் சொந்த ஆப். சுற்றுலா ஆப் பட்டியல்களில் இதை யாரும் சேர்ப்பதில்லை. என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும்படிதான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே ஆப்பில் திறந்துவிட வேண்டும். ஹனோயில் ஓட்டல் ரிசப்ஷனில் என் நண்பரின் கார்டு இரண்டு முறை திரும்பி வந்தது. அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் மெஷினை மூன்றாவது முறையாக நீட்டினாள். "கார்டுல பணம் இருக்குய்யா!" என்று நண்பர் என்னிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஓட்டல் வைஃபையில் ஆப்பைத் திறந்தால், சர்வதேசப் பயன்பாடு என்ற பொத்தான் மூடிக் கிடந்தது. திறந்தோம், ஓடிபி வந்தது, கார்டு வேலை செய்தது. இந்திய சிம் ரோமிங்கில் உயிரோடு இருந்ததால் அந்த ஓடிபி வந்தது. கழற்றிப் பர்ஸில் வைத்திருந்தால் அன்று இரவு வாடகையை நான்தான் கட்டியிருக்க வேண்டும்.

யூபிஐ இலங்கை, மொரீஷியஸ், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், நேபாளம், பூடான் என்று பரவியிருக்கிறது. எல்லாக் கடையிலும் எடுக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆப்பில் யூபிஐ இன்டர்நேஷனல் என்பதை முன்பே திறந்து வையுங்கள், எடுத்தால் லாபம்.

தென்கிழக்கு ஆசியா போகிறவர் ஒரே ஓர் ஆப் போடுவதென்றால் கிராப் போடட்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கம்போடியா, மியான்மர் என எட்டு நாடுகளில் ஓடுகிறது. அந்தப் பகுதியில் உபர் 2018-லேயே கடையைக் கட்டி கிராப்பிடம் ஒப்படைத்துவிட்டது. இந்திய நம்பரிலேயே பதிவு செய்யலாம். கார்டு சேர்க்கப் பயமாக இருந்தால் ரொக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏறுமுன் கட்டணம் தெரிவது ஒரு நிம்மதி. அதைவிடப் பெரிய நிம்மதி, டிரைவரோடு பேச வேண்டியதில்லை. ஹனோயின் நொய் பாய் ஏர்போர்ட்டில் டிரைவர் எனக்கு வியட்நாமிய மொழியில் ஏதோ அனுப்பினார். கீழேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது, எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று. வண்டி எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து ஏறுங்கள். ஆப்பைக் காட்டி "கிராப், கிராப்" என்று தாமாக வந்து கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள்; உங்கள் டிரைவர் உங்களைத் தேடி அப்படிக் கூவ மாட்டார்.

வியட்நாமில் ரொக்கம் கொடுக்கும்போது கண்ணை அகல விரித்துப் பார்க்க வேண்டும். 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்றால், முதலாவது எழுபது ரூபாய்க்கும் கீழே, இரண்டாவது ஆயிரத்து அறுநூறுக்கும் மேலே. மங்கலான டாக்ஸி வெளிச்சத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. நாணயக் கணக்குக்கு எக்ஸ்இ ஆப் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த விகிதத்தை வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் கணக்குப் போடும். எனக்கு வாய்க்கணக்கே போதும்: மூன்று சைபரை வெட்டிவிட்டு மூன்றரையால் பெருக்கினால் ரூபாய் ஏறக்குறைய வந்துவிடும்.

மேப்புக்கு வருவோம். கூகுள் மேப்ஸில் ஊரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி இறக்கிய மேப் கார் ஓட்டத்தான் வழி சொல்லும். நடக்கவும், பஸ் ரயில் பிடிக்கவும் நெட் வேண்டும். சுற்றுலாப் பயணி எங்கே கார் ஓட்டுகிறார்? அதனால் கூடவே ஆர்கானிக் மேப்ஸ் என்று ஒன்று போட்டுக்கொள்வேன். இலவசம், விளம்பரம் இல்லை, சந்து பொந்துக்கெல்லாம் நெட் இல்லாமலே நடைவழி காட்டும். நீலப் புள்ளி நகர ஜிபிஎஸ் போதும், டேட்டா தேவையில்லை.

நெட் இருந்தால் ஜப்பானில் கூகுள் மேப்ஸ் அபாரம். எந்த பிளாட்ஃபார்ம், எத்தனை யென், எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் இடத்தில் படிக்கட்டு பக்கம், எந்த எண் வாசல் வழியே வெளியேற வேண்டும் என்பதுவரை சொல்லும். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள். அந்த வாசல் எண்ணைப் பார்க்காமல் இறங்காதீர்கள். பக்கத்து நாடான தென்கொரியாவில் நான் போனபோது அதே ஆப் நடைவழி காட்டவில்லை. பாதுகாப்புக் காரணம் சொல்லி, துல்லியமான வரைபடத் தரவை வெளிநாட்டுக்குக் கொடுக்க அந்த அரசு பல ஆண்டுகளாகத் தயங்கி வந்தது. அங்கே நேவர் மேப்தான் கதி. சீனா என்றால் கதையே வேறு: கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே அடைப்பு, தெருவோரக் கடைவரை அலிபே, வீசாட் பே. 2023-லிருந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளை அவற்றில் சேர்க்கலாம். அதற்கு பாஸ்போர்ட் சரிபார்ப்பு, ஓடிபி எல்லாம் உண்டு. இதையும் கிளம்புமுன்பே முடிக்க வேண்டும் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பு ஆப்பின் அருமை எனக்கு அம்மாவோடு ஜப்பான் போனபோதுதான் தெரிந்தது. அம்மா சுத்த சைவம். கியோட்டோவில் ஒரு கடையில் கடற்பாசி வைத்த சோற்று உருண்டையைக் கையில் எடுத்து, "இது நம்ம சோறுதானேடா?" என்றாள். பார்த்தால் சைவம்தான். கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமராவை லேபிள் மேல் பிடித்தேன். அரிசி, கடற்பாசி, சோயா, சர்க்கரை, அதற்கப்புறம் சூரை மீன் சாறு. தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு என்போமே, ஏறக்குறைய அதுவேதான் ஜப்பானியர் ரசத்துக்கும் குழம்புக்கும் அடிப்படை. கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் இருக்கும். உருண்டை அலமாரிக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அம்மா எதை எடுத்தாலும் முதலில் என் போனுக்குத்தான் காட்டினாள். சைவ உணவகம் தேட ஹேப்பிகவ் என்ற ஆப் நன்றாக உதவியது.

ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தால் ஐஸ் போட்ட தண்ணீர் வைப்பார்கள். அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, கோயிலில் அர்ச்சகரிடம் பெயர் நட்சத்திரம் சொல்கிற நிதானத்தில், "குடிக்க வெந்நீர் வேண்டும்" என்றாள். போன் ஜப்பானிய மொழியில் பேசியது. பரிமாறிய அம்மாள் குனிந்து வணங்கி, கெட்டிலையே கொண்டுவந்து வைத்துவிட்டார். இப்படிச் சின்ன, முழு வாக்கியமாகச் சொல்வதே நல்லது. "சுடுதண்ணி கொஞ்சம் கெடச்சா தேவல" என்றால் எந்த ஆப்புக்கும் கஷ்டம்தான். பேச்சுக்கு நெட் இருந்தால் நல்லது. படிக்க, எழுத மட்டும் போதுமென்றால் தமிழ், ஆங்கிலம், போகும் ஊரின் மொழி மூன்றையும் முன்பே இறக்கிவிடுங்கள்.

எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காகப் போட வேண்டாத ஆப்களும் உண்டு. ஜப்பான் ரயிலுக்கு சுய்கா கார்டை போனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஐபோனில் சரி. ஜப்பானுக்கு வெளியே விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அதற்கான சில்லு இல்லை. பிளாஸ்டிக் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதில், ஜப்பான் சுற்றுலாத் துறை மேற்பார்வையில் வரும் சேஃப்டி டிப்ஸ் ஆப்பைப் போடலாம். நிலநடுக்க எச்சரிக்கையை ஆங்கிலத்தில் தரும்.

கிளம்புவதற்கு முந்தின இரவு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒவ்வொரு ஆப்பையும் திறந்து பார்ப்பது என் வழக்கம். பாஸ்போர்ட் நகல், விசா, இன்சூரன்ஸ், அந்த ஊர் எழுத்தில் ஓட்டல் முகவரி, எல்லாம் நெட் இல்லாமல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரைவில் இருக்கிறது என்பது வேறு, போனில் இருக்கிறது என்பது வேறு.

கடைசியாக, முன்பே முடித்து வைக்க முடியாத ஒரு வேலை: வருகை அட்டை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் ஆன்லைனில் நிரப்ப முடியும். தாய்லாந்தில் 2025 மே 1 முதல் இது கட்டாயம். மூன்றுமே இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் சேவைக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள். பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும். கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு தேடுங்கள். நிரப்பி முடித்து வருகிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூட வருகிறவர் வாட்ஸ்அப்புக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.