பிச்சாவரம்: ஒரே காட்டுக்கு இருமுறை

பிச்சாவரம் போய்வந்த மாணவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், படகு, வெயில், புளிசாதம் என்று பதில் வரும். களப்பயணம் உல்லாசமாக இருப்பதில் தவறில்லை. ஆனால் முட்டு வேரையும் சுவாச வேரையும் தேர்வில் வரைந்து மதிப்பெண் பெற்ற பிள்ளை, அவற்றின் நடுவே படகில் போயும் அடையாளம் காணாமல் திரும்பினால் அந்தப் பயணம் பாதிதான் நடந்திருக்கிறது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் விரிந்துள்ளது இந்த அலையாத்திக் காடு. 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் படகில் போகலாம்; காடு மட்டும் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

புறப்படும் முன் வகுப்பிலேயே மூன்று மரங்களை அறிமுகம் செய்துவிடுங்கள். வளைந்த முட்டு வேர்களோடு கால்வாய் ஓரத்தில் நிற்பது சுரபுன்னை. அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டிருக்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நிற்பவை வெண்கண்டலின் சுவாச வேர்கள். மூன்றாவது, சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை.

தில்லையில்தான் கவனம் வேண்டும். இலையைக் கிள்ளினால் வடியும் வெண்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். வெண்கண்டல் இலையில் உப்புப் படிந்திருக்கும் என்று கேட்ட பிள்ளைகள் ஏதாவது ஓர் இலையைப் பறித்து நக்கிப் பார்க்கத் துணிவார்கள். கிள்ளாமலே வேறுபடுத்தலாம்: வெண்கண்டலுக்கு எதிரிலை அமைவு, இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும், தில்லைக்கு மாற்றிலை அமைவு. ஏட்டில் உயிரற்றுக் கிடந்த இலையமைவுப் பாடம் இங்கே பாதுகாப்பு விதியாகிவிடுகிறது. உப்பைப் பார்க்கக் கைலென்ஸ் போதும், நாக்கு வேண்டாம்.

அந்த உப்பும் மழை பெய்தால் கழுவிப் போய்விடும். கோடையில் நன்றாகத் தெரியும். ஆகவே அருகிலுள்ள பள்ளிகள் கோடை தொடங்கும்போது ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை போவது நல்லது. தொலைவிலுள்ள பள்ளிகள் ஒருமுறை போய், மற்றப் பருவத்தின் அளவீட்டை அருகிலுள்ள பள்ளியிடம் கேட்டுப் பெறலாம். அளவீடு எளிது. இரு பருவத்திலும் ஒரே இடத்தில் ஆசிரியரே 200 மி.லி. நீர் எடுத்து, பள்ளியில் முழுவதும் ஆவியாக்கி, மிஞ்சும் உப்பை எடைபோட வேண்டும். கடல்நீரானால் ஏறத்தாழ 7 கிராம் கிடைக்கும். மழைக்குப் பின் ஆற்று நீர் கலந்து அது எவ்வளவு குறைகிறது என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

2004 ஆழிப்பேரலையைப் பற்றியும் கேள்வி வரும். காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கடலிலிருந்து தொலைவும் தரையின் உயரமுமே முக்கியக் காரணம் என வேறு சிலர் மறுத்தனர். உயர்நிலை வகுப்பில் இரு தரப்பையும் வைத்து, இதை முடிவுசெய்ய எந்தெந்த ஊர்களை ஒப்பிட வேண்டும் என்று வரைபடத்தைக் கொடுத்துக் கேளுங்கள்.