தெளிந்த நீரும் தூய நீரும்

திருவரங்கத்திற்கு வரும் சேவார்த்திகள் அம்மா மண்டபத் துறையில் நீராடிய பின்னரே அரங்கனைச் சேவிக்கச் செல்வது நெடுநாளைய வழக்கம். ஐப்பசித் திங்களில் எம்பெருமானின் திருவாராதனத்திற்கு அத்துறையிலிருந்தே பொற்குடத்தில், யானைமீது, தீர்த்தம் எழுந்தருளப் பண்ணப்படுகிறது. அந்நீர் குடகு மலையிலிருந்து மட்டும் வருவதன்று. பவானியும் நொய்யலும் அமராவதியும் வழியிற் கலந்த பின்னரே காவிரி முக்கொம்பை அடைந்து, இரண்டாகப் பிரிந்து, அரங்கத்தைச் சூழ்கின்றது. மேற்கேயுள்ள ஊரார் கிளையாறுகளில் எதை விடுகின்றனர் என்பது நம் துறையைப் பற்றிய செய்தியுமாகும்.

“காவிரி தானே புனிதை, அவளை மாசு என் செய்யும்?” என வினவுவோர் உளர். தீர்த்தத்தின் புனிதம் வேறு, நீரின் தூய்மை வேறு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அறியாதிருப்பின், நீர்நிலையில் எச்சில் உமிழ்தலையும் மலசலங் கழித்தலையும் சாத்திரங்கள் விலக்குவானேன்?

நொய்யலின் வரலாறு இங்கு நாம் கற்க வேண்டிய பாடம். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே அது காவிரியை அடைகிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர, சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தி இழையும் சாயமும் நீரில் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அவற்றை ஒட்டச் செய்வது உப்பு. அடர்ந்த நிறம் வேண்டுமாயின் சாயக்கலவை லிட்டர் ஒன்றுக்கு 50 கிராமும் அதற்கு மேலும் உப்பு இடுவர். துணி சாயத்தை ஏற்கும், உப்பை ஏற்காது. இட்ட உப்பு கழிவு நீரோடு வெளியே வந்துவிடும்.

தொடக்கத்தில் செய்த சுத்திகரிப்பு யாதெனில், சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டு நிறத்தைப் படியச் செய்து, தெளிந்த நீரை ஆற்றில் விடுவதே. கண்ணுக்கு அது தெளிவாயிருந்தது. கரைந்த உப்போ அப்படியே இருந்தது. ஊர்ச் சாக்கடையின் அழுக்கைக் காற்றூட்டித் தேக்கினால் நுண்ணுயிர்கள் உண்டு குறைத்துவிடும். உப்பை உண்டு தீர்க்கும் நுண்ணுயிர் இல்லை. குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம், வேறு நீர் கிடையாத இடத்தும் 2,000 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர விதி. 50 கிராம் என்பது 50,000 மில்லிகிராம் அன்றோ! அலசும் நீர் கலந்து செறிவு குறையினும் எஞ்சுவது சிறிதன்று.

இந்நீர் சென்று தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் பாசனத்திற்கெனத் திறக்கப்பட்ட அவ்வணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. நீரைத் திறந்து விடுக என்று கேட்க வேண்டிய உழவர், திறவாதீர் என்று முறையிடும் நிலை வந்தது. கிணறுகளும் உவர்த்தன. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. ஆயினும் நொய்யல் ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் நீதிமன்றப் படி ஏறிய பின்னரே காரியம் நடந்தது. கழிவு ஒரு துளியும் ஆற்றில் விழலாகாது என்னும் நெறியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் வலியுறுத்திற்று. உச்ச நீதிமன்றம் 2009-இல் உழவர் பக்கமே நின்றது. ஆணை நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடவே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளர் பட்ட துன்பம் சிறிதன்று. அதனையும் மறைத்தல் தகாது.

பின்னர் நிலைபெற்ற முறை இதுவே: கழிவு நீரை நுண்சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தி நன்னீரைப் பிரிப்பர். எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பை எடுப்பர். நீரும் உப்பும் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்லும். மின்சாரமும் விறகும் மிகுதியாக வேண்டும். பயன்படாத கலப்பு உப்புக் குவியலை என் செய்வதென்பது இன்னும் தீராத சிக்கல். மறைவாகக் கழிவு விடுவதாகப் புகார்கள் பின்னரும் எழுந்துள்ளன. எனினும் ஆற்றில் விட்ட பின் உப்பைப் பிரிக்க வழியில்லை. பட்டறை வாசலிலேயே பிரித்தாக வேண்டும்.

ஊர்ச் சாக்கடைக்கு இத்தனை செலவு வேண்டுவதில்லை. வீடுகள்தோறும் குழாய் இணைப்பும், இடைவிடாது ஓடும் சுத்திகரிப்பு நிலையமும் போதும். நீராட வருவோருக்கோ அதுவும் வேண்டுவதில்லை. இக்காலத்துச் செயற்கை இழை ஆடை ஆற்றில் விட்டால் மட்காது. கரையிலுள்ள தொட்டியில் இடலாம். சோப்பும் எண்ணெயும் தேய்ப்பதை விடுதியிலேயே முடித்துக்கொண்டு, துறையில் மூழ்கி மட்டும் எழலாம். அழுக்குப் போகக் குளித்த பின்னரே தீர்த்தமாடுவது பழைய ஆசாரமும் ஆகும்.