அறுபதுக்கு மேல் ஊர்ப்பயணம்: கேள்வி – பதில்

பதில் அளிப்பவர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது மூத்தவர்களைச் சிறு பயணங்களுக்கு அழைத்துச் செல்கிறார்.

எனக்கு 68 வயது, மனைவிக்கு 63. மகன் குடும்பத்தோடு சேர்த்து ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட்டாக ரயிலில் பதிவு செய்தோம். எங்கள் இருவருக்கும் மேல் பெர்த்! மூத்த குடிமக்களுக்குக் கீழ் பெர்த் என்பதெல்லாம் வெறும் பேச்சுதானா?
– வாசகர், தாம்பரம்

பேச்சு இல்லை ஐயா, டிக்கெட் போட்ட விதம் தவறு. கீழ் பெர்த் ஒதுக்கீடு, தனியாகப் போகிறவருக்கும் ஒரே டிக்கெட்டில் போகும் தகுதியுள்ள இரண்டு பேருக்கும்தான். மூன்றாவது ஆளைச் சேர்த்தாலோ, வயது குறைந்த ஒருவரை உடன் போட்டாலோ கணினி உங்களை அந்த ஒதுக்கீட்டில் கணக்கிலேயே எடுக்காது. மகன் குடும்பத்துக்கு ஒரு டிக்கெட், உங்கள் இருவருக்கும் தனியாக ஒரு டிக்கெட். ஒரே பெட்டியில் கிடைக்காவிட்டால்தான் என்ன, இறங்குகிற ஊர் ஒன்றுதானே! இந்த ஒதுக்கீட்டுக்கு ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் தொடங்குகிறது. பழைய கணக்கில் நான்கு மாதம் முன்பே தேட வேண்டாம். கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அது திரும்பி வரட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மேல் பெர்த்தே கிடைத்துவிட்டால், வண்டி கிளம்பியதும் டி.டி.இ.யிடம் கேளுங்கள். காலியாக இருக்கும் கீழ் பெர்த்தை அவர் மூத்தவர்களுக்கு மாற்றித் தரலாம். எதிரில் இருக்கும் பையனிடமும் கேட்கலாம். ஆனால் அவன் போர்வையை விரிப்பதற்கு முன்பே கேளுங்கள். வேண்டுகோளாகக் கேளுங்கள், ஆணையிடாதீர்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். நம் பிள்ளைகள் நல்லவர்கள்தான்.

எனக்கு 58 வயது. இந்தக் கோடையில் ஊட்டிக்குப் போகலாமா?
– வாசகி, சேலம்

தாராளமாகப் போங்கள். இ-பாஸ் உங்கள் வண்டிக்குத்தான் வேண்டும், உங்களுக்கு வேண்டாம்.

அப்பாவுக்கு 76 வயது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டி போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ப்ராஸ்டேட் தொல்லை உண்டு. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். மலைப்பாதையில் வாந்தியும் வரும். வாந்தி மாத்திரை கொடுத்து அழைத்துப் போகலாமா?
– வாசகர், ஈரோடு

மாத்திரையை முதலில் கீழே வையுங்கள். கடையில் கேட்டு வாங்குகிற வாந்தி மாத்திரைகள் பல, ப்ராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கத்தையும் தடுமாற்றத்தையும் கொடுக்கும். நடு மலையில் சிறுநீர் அடைத்துக்கொண்டு துடிப்பவரைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அவருடைய மருத்துவரிடம் கேட்காமல் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் – ஊட்டி 46 கிலோமீட்டர்தான். ஆனால் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிற வண்டி. மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் அவசரம் அவர் உடம்பின் நேரப்படி வரும், ரயிலின் நேரப்படி வராது. அதனால் குன்னூர் வரை காரில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயிலில் ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சுரங்கம், தேயிலைத் தோட்டம், வெலிங்டன், கேத்தி, லவ்டேல் எல்லாம் அந்தத் துண்டிலேயே வந்துவிடும். நீராவி எஞ்சினைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நிற்கும். போய்ப் பார்த்துவிட்டுக் காரில் ஏறுங்கள். காரில் அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். பலருக்கு வாந்தி இதிலேயே நின்றுவிடும்.

வயது 61. தெருத் தோழிகளோடு வேன் பிடித்துக் கோயில்களுக்குப் போவோம். தண்ணீர் குடித்தால் வழியில் இறங்க வேண்டி வரும், கழிப்பறைகள் அசிங்கம். அதனால் காலையில் ஒரு காபியோடு கிளம்பினால் இரவு வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். கொஞ்ச நாளாக மாலையில் தலைசுற்றுகிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எந்த வைட்டமின் குறைவாக இருக்கும்?
– வாசகி, திண்டுக்கல்

வைட்டமின் குறைவு இல்லை அம்மா. தண்ணீர் குறைவு.

இந்தக் கடிதத்தை வேறு வேறு கையெழுத்தில் மாதா மாதம் படிக்கிறேன். எல்லாம் பெண்கள் எழுதியவை. ஆண்கள் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் புளியமரத்தின் பின்னால் போய்விடுகிறார்கள். பெண்கள் காலையிலிருந்து நாக்கு ஒட்ட உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து பழகியது, அறுபது வயதிலும் விடவில்லை. இது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டியவர் நீங்கள்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். தாகம் எடுக்கும்போது குடிக்கலாம் என்று காத்திருந்தால், அது எடுப்பதற்குள் உடம்பு வறண்டுவிடும். ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் சிலவற்றில் நீரை வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருக்கும். தண்ணீரும் உள்ளே போகவில்லை, மாத்திரையும் வெளியேற்றுகிறது, வேனுக்குள் வெயில் வேறு! எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கித் தலை சுற்றாமல் என்ன செய்யும்? கோயில் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவர்களில் எத்தனை பேர் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காதவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காததும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்றுக்கு வழி திறக்கும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தொற்று, காய்ச்சலும் எரிச்சலும் இல்லாமல் வெறும் பிதற்றலாகவே வரலாம். "அம்மா திடீரென்று என்னென்னவோ பேசுகிறார்" என்று குடும்பமே பயந்து ஓடி வரும்.

இனி செய்ய வேண்டியது. வேன் கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, யாரும் கேட்காவிட்டாலும் நிறுத்த வேண்டும். கேட்டால் நிறுத்தலாம் என்று விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், கூச்சம். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் பொதுமக்களுக்கு இலவசமாக இருக்க வேண்டும் என்பது விதி. பெட்ரோல் போட்டால்தான் என்று இல்லை. சாவியைக் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள். சுங்கச்சாவடி, ரயில் நிலையக் காத்திருப்பு அறை, ஓரளவு பெரிய சைவ ஹோட்டல் எல்லாம் உங்களுக்கான இடங்கள்தான். பையில் ஒரு பிளாஸ்டிக் குவளை, சோப்புத் துண்டு, சின்னத் துவாலை, டார்ச். உட்கார்ந்து எழ முடியாதவர் உள்ளே போகும்போது தோழி ஒருத்தி வாசலில் நிற்கட்டும்.

மொத்தமாக ஒரு பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள். அரை மணிக்கொரு முறை நாலு வாய். மோர் நல்லது. இளநீர் நல்லதுதான், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் ஆகாது. இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அந்த அளவை மீறாதீர்கள். உங்கள் மாத்திரையில் நீர் மருந்து இருந்தால், பயண நாளில் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் தலைசுற்றல் நீடித்தால், உட்கார்ந்து ஒரு முறை, நின்று ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் சொல்கிறேன்: கோயில் பட்டியல் போடும் முன் கழிப்பறைப் பட்டியல் போடுங்கள்.

பேரன் எடுக்கும் செல்ஃபியில் எனக்கு மிகவும் வயதாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

வயதாகியிருக்கிறது. சிரித்தபடி நில்லுங்கள்.

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. அடுத்த ஞாயிறு கார் வைத்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் காட்டிவிட நினைக்கிறேன். வசதியான வழித்தடம் சொல்ல முடியுமா?
– வாசகர், சென்னை

தம்பி, வழித்தடம் உண்டு. கும்பகோணத்திலிருந்து அரசுப் பேருந்தே ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றிக் காட்டுகிறது. காலில் பலம் உள்ளவர்கள் போகிறார்கள். உங்கள் பெற்றோரை நான் அனுப்ப மாட்டேன். விடியுமுன் திங்களூர், இருட்டிய பிறகு திருநள்ளாறு, நடுவில் ஒன்பது முறை செருப்பைக் கழற்றி ஒன்பது முறை மாட்ட வேண்டும். மதியம் நடை சாத்திவிட்டால் நான்கு மணி வரை காரில் காத்துக் கிடக்க வேண்டும். வெயிலில் கொதிக்கிற கருங்கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், சுட்டது தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும்.

கும்பகோணத்தில் மூன்று இரவு தங்குங்கள். காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில். மதியம் சாப்பிட்டுத் தூங்கட்டும். எத்தனை முடிகிறதோ அத்தனை. மீதி அடுத்த ஆண்டு. ஒரு மாலை தாராசுரத்துக்குக் கூட்டிப் போய்ச் சும்மா உட்கார வையுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று: அவர்களுக்கு எங்கே போக ஆசை என்று கேட்டீர்களா? அம்மா படித்த பள்ளிக்கூடம், அப்பா முதலில் வேலை பார்த்த ஊர் என்று ஏதாவது சொல்லுவார்கள். அங்கே போங்கள்.

எனக்கு 66, முழங்கால் வலி. பழனிக்குப் படியேறிப் போனால்தான் பலன் என்கிறார் என் மாமியார். அவருக்கு 88 வயது!
– வாசகி, மதுரை

மாமியாருக்கு என் வணக்கம். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். மூட்டின் மீது அதிகப் பாரம் விழுவது அப்போதுதான். மருத்துவர் ஏறக் கூடாது என்று சொல்லாதவரை, அதிகாலையில் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்கள். இறங்கும்போது வின்ச் அல்லது ரோப் கார். காற்று பலமாக அடித்தாலும், பராமரிப்பு நடந்தாலும் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு போங்கள். சோளிங்கரிலும் அய்யர்மலையிலும் 2024 முதல் ரோப் கார் வந்துவிட்டது. முழங்காலுக்குப் பயந்து விட்டுவைத்த மலைகளை இனி பார்த்துவிடலாம்.

வெளியூருக்குக் கிளம்பிப் பாதி வழி போனதும் கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று உதறல் எடுக்கிறது. வயது 64. மறதி நோயின் தொடக்கமா?
– வாசகர், திருச்சி

இல்லை. அணைப்பதை அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். மனம் வேறு எங்கோ இருந்ததால் அது பதியவில்லை, அவ்வளவுதான். முப்பது வயதிலும் இது உண்டு. கிளம்பும்போது "கேஸ் அணைத்தாயிற்று, மோட்டார் அணைத்தாயிற்று" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுப்பையும் பூட்டையும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய தெருவில் வழி தவறுவது, தெரிந்த வேலையைச் செய்யத் தெரியாமல் விழிப்பது, ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பது போன்றவை தென்பட்டால்தான் மருத்துவரிடம் போக வேண்டும்.

லாட்ஜில் அறை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

குளியலறையை. டி.வி.யை அல்ல. தரை வழுக்குகிறதா, கைப்பிடி உண்டா, இரவில் விளக்கு சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து குளியுங்கள். உள் தாழ்ப்பாள் போடாதீர்கள். நள்ளிரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடங்கள்.

இன்சுலின் போடுகிறேன். இரண்டு நாள் பயணத்தில் ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது?
– வாசகர், நாகர்கோவில்

போக வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் பாட்டில் வெயில் படாத இடத்தில் தாங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள், ஐஸில் புதைக்காதீர்கள். எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

கணவர் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. எனக்கு 67. தனியாக எங்கும் போனதே இல்லை. சென்னையில் இருக்கும் தங்கையைப் பார்க்க நானே ரயிலில் போக ஆசை. "வேண்டாம்மா, நாங்கள் கொண்டுபோய் விடுகிறோம்" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், யாருக்கும் நேரம் வரவில்லை.
– வாசகி, மதுரை

போங்கள் அம்மா. உங்கள் ஊரிலேயே அதற்கென்று அமைந்த வண்டி இருக்கிறது. காலையில் வைகையில் ஏறினால் பிற்பகலில் எழும்பூர். இருட்டு இல்லை, பெர்த் இல்லை, ஏறி இறங்கும் தொல்லை இல்லை. ஜன்னல் இருக்கை கேளுங்கள். தோளில் மாட்டுகிற ஒரே பை, நீங்களே தூக்கக்கூடிய கனத்தில். பணப்பையில் ஒரு காகிதம் வையுங்கள்: பெயர், மாத்திரைகள், தங்கையின் எண், பிள்ளைகளின் எண். ரயிலில் உதவிக்கு 139. மூத்தவர்களுக்கான உதவி எண் 14567. இரண்டையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். தங்கை எழும்பூருக்கே வந்து நிற்கட்டும்.

பிள்ளைகளிடம் அனுமதி கேட்காதீர்கள். தேதியைச் சொல்லுங்கள். அவர்களுடைய பயம் பாசத்தால் வருவதுதான். நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து போன் செய்தால் பாதி போய்விடும். மீதி, திரும்பி வந்ததும் போகும்.

கேள்வி அனுப்புகிறவர்களுக்கு: வயது, உடம்பில் உள்ள நோய்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், எத்தனை நாள் பயணம் ஆகிய நான்கையும் கட்டாயம் எழுதுங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்று எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியாது. அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.