ஒரு கருவி, பல பயன்

மிதிவண்டி உள்ள வீடுகளில் பெரும்பாலும் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் இருக்கும். கதவின் பின்னாலோ, மாடிப்படியின் கீழோ அது சார்த்தி வைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தில் காற்றுக் குறைந்த நாளில் மட்டும் அதனைத் தேடுவர். வேலை முடிந்ததும் பழைய மூலையிலேயே வைத்து மறந்துவிடுவர். பக்கத்து வீட்டார் இரவல் கேட்கும்போதுதான் அப்படி ஒரு பொருள் இருப்பதே சிலருக்கு நினைவுக்கு வரும். ஆயினும், அதன் அமைப்பை அறிந்தவர்க்கு அது பல வேலைகள் செய்யும். தூசு போக்கும், அடைப்பு நீக்கும், செடிக்கு மருந்து தெளிக்கும், எண்ணெய் இறைக்க உதவும், சிறிது மாற்றியமைத்தால் கலத்திலுள்ள காற்றை வெளியேற்றவும் செய்யும். இவையெல்லாம் எவ்வாறு இயலும் என்பதை அறிய, முதலில் அதன் அமைப்பை அறிதல் வேண்டும்.

பம்பின் அமைப்பு மிக எளியது. நீண்ட உலோகக் குழாய் ஒன்று. அதனுள் மேலும் கீழும் இயங்கும் தண்டு ஒன்று. தண்டின் மேல்முனையில் கைப்பிடி. கீழ்முனையில் தோலால் ஆகிய வாஷர். இத்தோல் தட்டையாக இராமல் சிறு கிண்ணம்போல் குழிந்திருக்கும். கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கி இருக்கும். பம்பின் உயிர்நிலை இத்தோலே எனலாம். தண்டைக் கீழே அழுத்தும்போது, உள்ளிருக்கும் காற்று நெருக்கப்பட்டு, கிண்ணத்தின் விளிம்பைக் குழாயின் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால் மேலே செல்ல வழியின்றி, காற்றானது அடியிலுள்ள துளை வழியே ரப்பர்க் குழாயினுள் புகுந்து சக்கரத்தை அடைகிறது. தண்டை மேலே இழுக்கும்போது தோலின் விளிம்பு தளர்கிறது. வெளிக்காற்று அதன் ஓரமாக நழுவி இறங்கிக் குழாயை மீண்டும் நிரப்புகிறது. சக்கரத்தினுள் சென்ற காற்றைத் திரும்பி வரவொட்டாமல் வால்வு தடுக்கிறது. உள்ளே செல்வோரை விட்டு, வெளியே வருவோரைத் தடுக்கும் காவலனைப் போன்றது அது.

ஒரு வேலைக்கென அமைந்த கருவியை மற்றொரு வேலைக்கு மாற்றியமைப்பது புதிய பழக்கம் அன்று. காற்றை வெளியேற்றும் பம்பு தோன்றிய வரலாறே இதற்குச் சான்றாகும். ஜெர்மனி நாட்டு மாக்டபர்க் நகரத்தில் ஆட்டோ வான் கெரிக் என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் அந்நகரின் தலைவராகவும் விளங்கியவர். காற்றே இல்லாத வெற்றிடம் ஒன்றை உண்டாக்க இயலுமா என்னும் வினா அவர் உள்ளத்தை வருத்தியது. அந்நாளில் தீயணைக்கப் பயன்பட்ட பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றை அவர் இதற்காக மாற்றியமைத்தார். மரப்பீப்பாய் ஒன்றில் நீரை நிரப்பி, எல்லாத் துளைகளையும் அடைத்து, அந்நீரைப் பீச்சாங்குழலால் இறைத்தார். நீர் வெளியேறிய இடத்தில் வெற்றிடம் எஞ்சும் என்பது அவர் எண்ணம். ஆனால், மரத்தின் நுண்துளைகள் வழியே வெளிக்காற்று ஓசையோடு உள்ளே புகுந்தது. பின்னர்ச் செம்பினாலான உருண்டையைப் பயன்படுத்தினார். அதுவோ வெளிக்காற்றின் அழுத்தம் தாங்காமல் பேரொலியுடன் நசுங்கிற்று. கெரிக் மனம் தளரவில்லை. கருவியைத் திருத்தித் திருத்தி, 1650-ஆம் ஆண்டையொட்டி, காற்றை வெளியேற்றும் பம்பை உருவாக்கினார்.

1657-இல் மாக்டபர்க் நகரில் அவர் நிகழ்த்திக் காட்டிய சோதனை உலகப் புகழ் பெற்றது. உட்குழிவான இரண்டு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளிருந்த காற்றைப் பம்பினால் நீக்கினார். பக்கத்திற்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி, அவற்றைப் பிரிக்க முயன்றனர். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. அரை மீட்டர் குறுக்களவுள்ள அக்கோளத்தின் இரு பாதிகளையும் பிணைத்து நின்ற விசை, ஏறத்தாழ 2,000 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். கண்ணுக்குப் புலனாகாத காற்றின் ஆற்றலை மக்கள் அன்று நேரிற் கண்டனர்.

மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடித்ததும் இவ்வாறு இரவல் கருவியால் தொடங்கியதே ஆகும். அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கியவர் ஜான் பாய்டு டன்லப். 1887-இல் தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் செல்லவேண்டும் என்று கருதி, ரப்பர்க் குழாயைச் சக்கரத்தின் மீது சுற்றி அதனுள் காற்றை நிரப்பினார். அதற்கு அவர் கையாண்டது கால்பந்திற்குக் காற்றடிக்கும் பம்பு எனக் கூறுவர். மறு ஆண்டில் அவர் தம் டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றோ மிதிவண்டிப் பம்பின் முனையில் சிறிய ஊசியைப் பொருத்திச் சிறுவர்கள் கால்பந்திற்குக் காற்றடிக்கின்றனர். பந்து தந்த கருவியை மிதிவண்டி திருப்பித் தருகிறது போலும்!

இனி, இல்லத்தில் இப்பம்பினால் ஆகும் பயன்களைக் காணலாம். துணியும் துடைப்பமும் செல்லாத இடங்கள் பல உண்டு. தையல் இயந்திரத்தின் உட்பகுதி, ஆர்மோனியத்தின் இடுக்கு, மின்விசிறியின் கம்பி வலை ஆகியவற்றில் தூசு படிந்து இறுகிக் கிடக்கும். குறுகிய முனை வழியே பாயும் காற்று அதனை நொடியில் அகற்றிவிடும். மின்கருவியாயின், முதலில் மின் இணைப்பை நீக்குதல் வேண்டும். தூசு கண்ணில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொள்ளுதலும் வேண்டும். மருந்து தெளிப்பானின் நுண்துளை அடைபட்டால், தெளிப்பானிலிருந்து அம்முனையைக் கழற்றி, நீரில் கழுவி, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றைச் செலுத்தினால் அடைப்பு நீங்கும். வாயால் ஊதுவது தகாது. மருந்தின் நஞ்சு உடலிற் சேரக்கூடும்.

தோட்டத்துச் செடிகளில் மாவுப்பூச்சி கண்டால், பம்பையே தெளிப்பானாக்கலாம். சோப்புக் கரைசல் உள்ள பாத்திரத்தில் மெல்லிய குழல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்முனைக்குக் குறுக்கே பம்பின் காற்றைச் செலுத்துதல் வேண்டும். விரைந்து பாயும் காற்றினால் அம்முனையருகே அழுத்தம் குறைகிறது. பாத்திரத்தின் மீதுள்ள வெளிக்காற்றோ கரைசலைக் குழலினுள் மேலே தள்ளுகிறது. மேலே வந்த கரைசல் நுண்துளிகளாகச் சிதறி இலைகளின் மேல் படிகிறது. இதற்குப் பம்பில் எம்மாற்றமும் செய்ய வேண்டுவதில்லை.

இப்பயன்கள் யாவற்றினும் மேலானது ஒன்று உண்டு. அது பொருளைக் காப்பதன்று, உயிரைக் காப்பது. பெரிய தகரத்திலுள்ள மண்ணெண்ணெயைச் சிறு பாத்திரத்திற்கு மாற்ற, ரப்பர்க் குழாயின் ஒரு முனையை எண்ணெயில் இட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது மிகக் கொடிய பழக்கமாகும். ஒரு வாய் எண்ணெய் தவறி மூச்சுக்குழாயினுள் சென்றாலும் நுரையீரல் அழற்சி தோன்றும். உயிருக்கே கேடு நேர்தலும் கூடும். பம்பு இருக்கும் வீட்டில் இத்துன்பத்திற்கு இடமில்லை. இரண்டு துளைகள் உள்ள தக்கையால் தகரத்தின் வாயை அடைத்து, ஒரு துளையில் நீண்ட குழாயையும் மற்றொன்றில் குட்டையான குழாயையும் செருகுதல் வேண்டும். நீண்ட குழாயின் ஒரு முனை எண்ணெயில் மூழ்கியிருக்கும். மறுமுனை கீழே வைத்த பாத்திரத்தினுள் திறந்திருக்கும். குட்டைக் குழாய் எண்ணெயைத் தொடாதிருத்தல் வேண்டும். அதன் வழியே பம்பினால் இரண்டு மூன்று முறை மெல்லக் காற்றைச் செலுத்தினால், எண்ணெய் நீண்ட குழாயில் ஏறி வழியத் தொடங்கும். உடனே பம்பை எடுத்துவிடலாம். பாத்திரம் தாழ்வான இடத்தில் இருப்பதால் எண்ணெய் தானே தொடர்ந்து ஓடும். இதனைப் பெரியோர் முன்னிலையில், நெருப்பில்லாத இடத்திற் செய்தல் வேண்டும். பெட்ரோல் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களில் இம்முறையைக் கையாளலாகாது.

இதுவரை கூறியவை காற்றை உட்செலுத்தும் வேலைகள். காற்றை வெளியே இழுக்கும் வேலைக்கும் இப்பம்பை மாற்றலாம். தண்டை வெளியே எடுத்து, தோல் வாஷரைக் கழற்றி, கிண்ணத்தின் வாய் மேல்நோக்குமாறு திருப்பி மாட்டினாற் போதும். பம்பின் அடியில் வால்வு இருப்பின் அதனை நீக்கிவிடுதல் வேண்டும். இப்போது தண்டை மேலே இழுக்கும்போது தோல் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. கீழே இணைத்த கலத்திலிருந்து காற்று குழாயினுள் இழுக்கப்படுகிறது. தண்டைக் கீழே அழுத்தும்போது அக்காற்று தோலின் ஓரமாக மேலேறி வெளியே சென்றுவிடுகிறது. காற்று கலத்திற்கே திரும்பாதிருக்க, இடையில் எதிர்த்திசை வால்வு ஒன்றை அமைத்தல் வேண்டும். தோலின் முகத்தைத் திருப்பியதும், கொடுத்துவந்த கருவி கொள்ளும் கருவியாக மாறிவிடுவது வியப்பன்றோ?

இவ்வாறு மாற்றிய பம்பைக் கொண்டு தொட்டியின் அடியில் தங்கிய கசடை இழுத்தெடுக்கலாம். இடையில் ஒரு போத்தலை வைத்தால், இழுத்த நீர் அதிலேயே தங்கும், பம்பினுள் புகாது. பள்ளியிலோ ஆசிரியர் துணையுடன் அரிய சோதனைகள் செய்து பார்க்கலாம். தடித்த கண்ணாடிக் குடுவையில் 80 பாகை வெப்பமுள்ள நீரை ஊற்றி, மேலுள்ள காற்றை நீக்கிக்கொண்டே வந்தால், அழுத்தம் பாதிக்குக் கீழே குறையும்போது அந்நீர் அடுப்பின்றியே கொதிக்கும். இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிவுற்றபோது பல நாடுகளில் பள்ளி ஆய்வுக்கூடங்கள் பாழாகிக் கிடந்தன. எளிய பொருள்களைக் கொண்டே கருவிகள் ஆக்கி அறிவியல் கற்பிக்கும் முறைகளைத் தொகுத்து, 1956-இல் யுனெஸ்கோ அமைப்பு ஆசிரியர்க்கென ஒரு நூலை வெளியிட்டது. விலையுயர்ந்த கருவி இல்லாமை கல்விக்குத் தடையாகாது என்பதை அந்நூல் உணர்த்தியது.

பயனை அறிந்தவர் எல்லையையும் அறிதல் வேண்டும். மிதிவண்டிச் சக்கரத்தில் நிரம்பும் காற்று, ஒரு சதுர சென்டிமீட்டரை ஏறக்குறைய 3 கிலோகிராம் எடையளவு அழுத்தவல்லது. 400 சதுர சென்டிமீட்டர் உட்பரப்புள்ள கண்ணாடிப் போத்தலை இறுக மூடி, 2 கிலோகிராம் அழுத்தத்திற்குக் காற்றடித்தால், அதன் சுவர்கள் தாங்கவேண்டிய மொத்த விசை 800 கிலோகிராம் எடைக்கு ஈடாகும். போத்தல் வெடித்துச் சிதறவும் கூடும். ஆதலின், மூடிய போத்தலிலும் தகரத்திலும் காற்றடித்தல் கூடாது. சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்டு என்பவர் 1892-இல் உருவாக்கிய பம்பு அடுப்பு இதே தத்துவத்தில் இயங்குவது; பல்லாண்டுகள் தமிழ்நாட்டுச் சமையலறைகளிலும் வழங்கியது. அதற்கென அமைந்த சிறு பம்பை விடுத்து மிதிவண்டிப் பம்பை அதனோடு இணைப்பது பெருந்தீங்கு விளைக்கும். விளையாட்டாகவேனும் செவி, மூக்கு முதலிய உடலின் எத்துளையிலும் காற்றைச் செலுத்துதல் ஆகாது, செவிப்பறை கிழியக்கூடும்.

பல வீடுகளில் பம்பு பழுதுற்றது என்று கருதிக் கழிப்பது வழக்கம். உண்மையில் பழுதுற்றது பெரும்பாலும் அதன் தோலே. தோல் உலர்ந்து சுருங்கினால் சுவரோடு பொருந்தாது. காற்று ஓரமாகக் கசிந்துவிடும். தண்டை வெளியே எடுத்து, தோலின்மேல் சில துளி தேங்காயெண்ணெய் இட்டு ஊறவைத்து, விளிம்பை விரலால் மெல்ல விரித்துவிட்டால் பம்பு மீண்டும் உழைக்கும். கிழிந்திருப்பின் புதிய வாஷர் மாட்டிக்கொள்ளலாம். அதற்குச் செலவு சிறிதே. இதனைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் மாணவர், பம்பின் உள்ளமைப்பை ஒருமுறை கண்ணாற் கண்டவர் ஆவர். அதன்பின் மூலையில் கிடக்கும் அப்பம்பு அவருக்கு வெறும் காற்றடிக்கும் குழாயாகத் தோன்றாது. வீட்டில் ஒரு தேவை எழும்போது, புதிய பொருள் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன், இருக்கும் கருவியால் அது இயலுமா என்று அவர் எண்ணிப் பார்ப்பார். மாக்டபர்க் நகரத்து அறிஞர் பீச்சாங்குழலைக் கையில் எடுத்தபோது எண்ணியதும் அதுவே ஆகும்.