காடு காத்த சிறுதீ

திருச்சிராப்பள்ளியை அடுத்த காட்டூரில் இன்று காடு பெயரளவில்தான் இருக்கிறது. ஆயினும், அவ்வூரை வளர்க்கும் காவிரிக்குக் காட்டுறவு அறுந்துவிடவில்லை. காவிரியில் கலக்கும் சுவர்ணவதி ஆறு கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலையில் பிறக்கிறது. அம்மலையிலும் அதனை ஒட்டிய சத்தியமங்கலக் காடுகளிலும் தலைமுறைகளாக வாழ்பவர் சோளகர்.

காட்டுத்தீ என்றதும் நம் நினைவுக்கு வருவது அழிவே. சோளகரோ தீயை ஒரு கருவியாகக் கையாண்டனர். கோடை முற்றுமுன், தரையிற் கிடக்கும் சருகை மட்டும் எரித்துத் தானே அவியும் சிறுதீயை மூட்டுவர். 'தரகு பெங்கி' என்பது அதன் பெயர். சருகுத்தீ என்பது பொருள். சருகு குவியாத இடத்தில் பெருந்தீ பரவ இடமில்லை. எரிந்த தரையில் புதுப்புல் தளிர்க்க, மானும் காட்டெருமையும் மேய வரும். நெல்லி மரத்தைப் பற்றி வளரும் புல்லுருவியும் இத்தீயால் கட்டுக்குள் இருந்தது என்று சோளகர் கூறுவர்.

1974-இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாயிற்று. வேட்டையோடும் காட்டெரிப்பு வேளாண்மையோடும் சருகுத்தீயும் விலக்கப்பட்டது. பின்னர் அங்கு அடர்ந்து பரவியது உண்ணிச்செடி. அமெரிக்க நிலத்திலிருந்து அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, புல்லை முளைக்கவிடாது. உலர்ந்தால் தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். தீத்தடை ஒன்றே இதற்குக் காரணம் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. கேரளம் முதல் இமயமலை அடிவாரம் வரை அச்செடி பரவியுள்ளதே! எனினும், சருகுத்தீ நின்றதே முதன்மைக் காரணம் என்னும் சோளகர் கூற்றை ஆய்வாளரும் ஒதுக்கிவிடவில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிலையை ஓரளவு மாற்றியது. 2011 சனவரியில் அச்சரணாலயம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தேன், நெல்லி முதலியவற்றைச் சேகரிக்கவும் காட்டைப் பேணவும் சோளகரின் சமூக உரிமை ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வுரிமை ஏற்கப்பட்டது இந்தியாவில் அதுவே முதன்முறை. சருகுத்தீ மூட்டும் வழக்கம் மட்டும் மீளவில்லை.

ஆஸ்திரேலியாவில் நிலை வேறு. 2007 முதல் அந்நாட்டு அரசு பழங்குடி நிலக்காவலர்க்கு ஊதியம் வழங்கிவருகிறது. வடபகுதியில் அவர்கள் உலர்பருவத் தொடக்கத்திலேயே சிறுதீ மூட்டிப் பின்வரும் பெருந்தீயைத் தடுக்கின்றனர். பிலிகிரி மலையிலோ, கோடைதோறும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் பரவும் தீயை அணைக்கவும் வனத்துறையோடு செல்பவருள் சோளகர் பலர்.