கருணாபுரத்தைப் பற்றி எழுதும்போது

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன்.   

நீ முகநூலில் எழுதுவதை உன் தங்கை எனக்குக் காட்டினாள். கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவரோடு நீ விடிய விடிய வாதாடியதைக் கடைசி வரி வரை படித்தேன். "குடித்துச் செத்தவனுக்கு என் வரிப்பணத்தில் 10 லட்சமா?" என்று தொடங்கியிருக்கிறாய். அவர் உன்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்றார். நீ அவரைக் கட்சி அடிமை என்றாய். பொழுது விடிவதற்குள் அவருடைய அப்பாவை இழுத்துவிட்டாய்.

இதையெல்லாம் விட்டுவிட்டு வேலையைப் பார் என்று சொல்ல நான் எழுதவில்லை. படித்த பிள்ளைகள் ஊர் விஷயத்தில் வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. உன் கேள்வியும் கேட்கக் கூடாத கேள்வி இல்லை. அரசு யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்க வரி கட்டுகிற எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் நீ கேட்ட விதத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது. அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகக் காலமெல்லாம் நின்றவள் என்பதால் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் என்ன நடந்தது என்பதை முழுதாகத் தெரிந்துகொண்டுதான் எழுதினாயா? மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். பெண்களும் அதில் உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் படுக்கைகள் நிரம்பின. மாவட்ட ஆட்சியரை அரசு மாற்றியது, காவல் கண்காணிப்பாளரைப் பணியிடை நீக்கம் செய்தது. வழக்கை சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீ சொல்கிற 10 லட்சம் குடித்தவர் கைக்குப் போகவில்லை, அவர் விட்டுப்போன குடும்பத்துக்குப் போனது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் அறிவித்தார்கள். இவற்றில் ஒன்றைக்கூட நீ அந்த வாதத்தில் குறிப்பிடவில்லை. உன்னோடு மோதியவரும் குறிப்பிடவில்லை.

மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் சரக்கு. வாசனையிலோ ருசியிலோ அதைச் சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. குடித்தவுடன் வழக்கமான போதைதான் தெரியும். கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக்க நேரம் பிடிக்கும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சுத் திணறலும் தொடங்கும். அந்த அமிலம் கண் நரம்பைக் கெடுக்கும். "சிஸ்டர், லைட்டை ஏன் அணைச்சிட்டீங்க?" என்று பட்டப்பகலில் கேட்ட நோயாளியை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள். அவள் அழவில்லை. எத்தனையோ ராத்திரி அவரைத் திட்டித் தீர்த்தவள்தான், அன்றைக்கு அவர் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

அந்த மனிதர் குடிக்க முடிவெடுத்தார், அது அவர் பொறுப்பு. சட்டவிரோதச் சரக்கு என்று தெரிந்தே வாங்கினார், அதுவும் அவர் பொறுப்பு. விஷத்தைக் குடிக்க அவர் முடிவெடுக்கவில்லை. அதைக் கலந்தவனும், விற்றவனும், கண்டும் காணாமல் விட்டவர்களும் எடுத்த முடிவு அது. நீ இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாய். உன் வாதம் அந்த இடத்தில்தான் உடைகிறது. உன்னோடு மோதியவர் அதைச் சொல்லியிருந்தால் நீ யோசித்திருப்பாய். அவர் உன் மனசைப் பற்றிப் பேசினார், நீ அவர் கட்சியைப் பற்றிப் பேசினாய். கருணாபுரம் பேச்சிலிருந்தே போய்விட்டது.

அவர் எழுதியதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. "எல்லாமே அரசு செய்த கொலை, குடித்தவர் அப்பாவி" என்று எழுதியிருந்தார். நான் வார்டில் அப்படிப் பேசியதே கிடையாது. ஈரல் கெட்டு வயிறு வீங்கி வந்தவர்களிடம், "இது நீங்க தேடிக்கிட்டது, இனிமே தொட்டா நானே உள்ள விடமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். மனைவிமார்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தன் வாழ்க்கையில் ஒரு பொறுப்பும் இல்லை என்று சொல்வது அவரைக் குழந்தையாக்கிவிடுவது. ஏழை என்பதற்காக அவரிடம் எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது இரக்கம் ஆகாது. குடியிலிருந்து மீண்டவர்களைக் கேட்டுப்பார். யாரோ ஒருவர் தங்களை மனிதராக நம்பி, "உன்னால் முடியும், நீதான் செய்யணும்" என்று சொன்ன நாளைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் "விட்டுவிட வேண்டியதுதானே" என்று நீ எழுதியிருந்தாயே, அதை எளிதாக எடுத்துக்கொள்ளாதே. பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடுவார், கட்டிலில் கட்டிவைக்க வேண்டியிருக்கும். மருந்து இல்லாமல் நிறுத்தி உயிரை விட்டவர்களும் உண்டு. குடிக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான். சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர். 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்கிற சிகிச்சை மையத்தைத் தொடங்கியவர் அவர்தான். யார் குற்றம் என்ற கேள்வியோடு அவர் நின்றிருந்தால் அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களில் ஒருவர்கூடத் திரும்பியிருக்க மாட்டார்.

தம்பி, பொறுப்பு என்பது ஒரு குடம் தண்ணீர் இல்லை, ஒருவருக்கு ஊற்றினால் இன்னொருவருக்குக் குறைந்துபோக. குடித்தவருக்கு முழுப் பொறுப்பு இருக்கும்போதே விற்றவனுக்கும் முழுப் பொறுப்பு இருக்கலாம், காவல் காக்க வேண்டியவருக்கும் இருக்கலாம். நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் குடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தீர்கள்.

மதுவைப் பற்றிய அரசியலைப் பேசுவதென்றால் வரலாற்றை முழுதாகப் பேசு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைப் போட்டார். இன்று நீ ஒவ்வொரு பில்லிலும் கட்டி, "என் வரிப்பணம்" என்று உரிமை கொண்டாடுகிற வரிக்கு முன்னோடி அது. குடிக்கிறவர் மடியிலிருந்து அரசு பணம் எடுக்காமல் இருக்கட்டும் என்பதற்காக எல்லாரும் சேர்ந்து ஏற்ற சுமை. 1971இல் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினார், 1974இல் மறுபடியும் கொண்டுவந்தார். 1981இல் எம்.ஜி.ஆர். கடைகளைத் திறந்தார். அரசின் மது மொத்த விற்பனை நிறுவனமான டாஸ்மாக் 1983இல் பிறந்தது. 2003இல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தார். 2016இல் ஜெயலலிதா, 2017இல் எடப்பாடி பழனிசாமி, 2023இல் ஸ்டாலின் என்று மூன்று முதலமைச்சர்களும் ஆளுக்கு 500 கடைகளை மூடினார்கள். அப்படியும் 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்த வரிசையில் ஒருவன் 1971ஐ மட்டும் பேசுவான், 2003ஐ விட்டுவிடுவான். இன்னொருவன் 2003ஐப் பேசுவான், 1971ஐ மறைப்பான். இணையத்தில் நீ சந்திக்கிற சண்டையில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. நீயும் உனக்கு வசதியான ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாய். உன் பக்கத்துக்குச் சங்கடம் தருகிற ஆண்டை நீயே முதலில் சொல். எதிரே இருப்பவர் அந்த நிமிஷமே குரலைத் தாழ்த்துவார் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் பேசாமல் படித்துக்கொண்டிருக்கிற நூறு பேர் உன்னை நம்புவார்கள். முகம் தெரியாதவர்களோடு பேசுவதில் ஏதாவது பயன் உண்டென்றால் அது அந்த நூறு பேருக்குத்தான். உன்னோடு மோதுகிறவர் அன்று இரவே மனம் மாறமாட்டார், நீயும் மாறமாட்டாய்.

அந்த நூறு பேரில் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்தாயா? கருணாபுரத்துப் பிள்ளை ஒன்றுக்கு இன்றைக்குப் பதினாறு வயசு இருக்கலாம். அதன் கையிலும் போன் இருக்கும். தன் ஊர்ப் பேரைத் தேடினால் நீ எழுதியது வரும். "செத்தது நல்லது, பூமிக்குப் பாரம் குறைந்தது" என்று நீ கடைசியாக எழுதிய வரி உட்பட. துக்க வீட்டு வாசலில் நின்று நீ அப்படிச் சொல்லமாட்டாய், நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள், எனக்குத் தெரியும். எதிரில் ஆள் இல்லை என்ற தைரியத்தில் வந்த வார்த்தை அது. தனிமனிதப் பொறுப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவன் எழுதிய வரிக்கு யார் பொறுப்பு?

கெட்ட வார்த்தையைவிட மோசமானது சரிபார்க்காமல் அனுப்புகிற செய்தி. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது எத்தனை பேர் உயிருக்குப் பயந்து ரயிலேறினார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். உன் முகநூல் சண்டையிலும், நீ அனுப்பிய ஒரு படம் கள்ளக்குறிச்சியில் எடுத்ததில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். நீ பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குத் தாவினாய். தவறு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த இரவில் உன் மதிப்பு உயர்ந்திருக்கும்.

இந்த மதுப் பிரச்சினையில் உண்மையாகவே வாதாடியவர்கள் யார் தெரியுமா? சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் மதுக்கடையை மூடச் சொல்லிப் பட்டினி கிடந்தார், கடைசியில் 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடும்போது உயிர்விட்டார். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017இல் நெடுஞ்சாலைக் கடைகள் ஊருக்குள் வந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்தார்கள், அடி வாங்கினார்கள். தன் புருஷன் குடிப்பது அவன் தப்பு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை வைப்பது அரசின் தப்பு என்றும் தெரியும். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை அவர்கள் மறுக்கவில்லை.

உன் வாதத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு 3 லட்சம், இவர்களுக்கு 10 லட்சமா என்று நடுவில் கேட்டிருந்தாய். அது நியாயமான கேள்வி. உழைக்கும்போது செத்தவர் வீட்டுக்கு ஏன் குறைவு என்று விருதுநகர்ப் பக்கத்துப் பெண் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? அதைத் தலைப்பாக வைத்து, இறந்தவரை ஏசாமல் எழுதியிருந்தால் உன்னோடு மோதியவரே ஒப்புக்கொண்டிருப்பார். வசவுக்கு நடுவே போட்டதால் அதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த முறை உன்னிடம் இருப்பதிலேயே வலுவான கேள்வியை மட்டும் வை. பதில் வந்தால் ஒரு நாள் கழித்து எழுது. எதிரே இருப்பவர் சொன்னதில் எது சரி என்று ஒரு வரியாவது எழுதிவிட்டு உன் மறுப்பைத் தொடங்கு. அவர் உன் குடும்பத்தை இழுத்தால் அதோடு நிறுத்திக்கொள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

10 லட்சத்தைப் பற்றி என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கொடுத்தது சரி. விற்பவனைத் தடுக்க வேண்டிய காவல் தவறிய இடத்தில், அனாதையான பிள்ளைகளுக்கு அரசு கடன்பட்டிருக்கிறது. பட்டாசுத் தொழிலாளி குடும்பத்துக்கும் அதே அளவு கொடுக்க வேண்டும். இதில் உனக்கு மாற்றுக் கருத்து இருந்தால் எனக்கு எழுது, நானும் விடமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால், "பூமிக்குப் பாரம்" என்ற அந்த வரியை நீக்கிவிடு. யாருடைய அப்பாவைப் பேசினாயோ அவரிடம், எல்லாரும் பார்க்கிற அதே இடத்தில், இன்றைக்கே மன்னிப்புக் கேள்.

அன்புடன்,
பெரியம்மா