சீதனமா? சொத்துரிமையா?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

முன்னுரை

திருமணம் இரு மனங்கள் இணையும் புனிதமான உறவு. மணமக்கள் பீடத்தின்முன் நிற்கும்போது குருவானவர் கேட்பது அவர்களுடைய முழுச் சம்மதத்தை மட்டுமே. ஆனால் ஆலயத்தில் ஓலை வாசிக்கப்படும் முன்பே, பவுன் எத்தனை, ரொக்கம் எவ்வளவு என்ற பேரம் வீட்டில் முடிந்துவிடுகிறது. இது தவறு என்று சொன்னால், “மகளுக்குச் சொத்தில் பங்கு கொடுப்பதில்லை, அதற்குப் பதிலாகத்தான் சீதனம்” என்று பெரியவர்கள் கூறுவதுண்டு. இக்கூற்று சரியா என ஆராய்வோம்.

திருவிதாங்கூர்ச் சட்டம்

இந்தக் கருத்தைத் திருவிதாங்கூர் அரசு ஒரு சட்டமாகவே இயற்றியிருந்தது. 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகனின் பங்கில் நான்கில் ஒரு பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு உரியது. அண்ணனுக்கு ஒரு லட்சம் கிடைத்தால் தங்கைக்குக் கால் லட்சம் கூட இல்லை, ஐயாயிரமே! சீதனம் பெற்ற மகளுக்கோ அந்தப் பங்கும் இல்லை.

மேரி ராய் வழக்கு

இச்சட்டத்தை எதிர்த்து 1983-இல் உச்ச நீதிமன்றம் சென்றவர் மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி. கோட்டயத்தில் பள்ளி நடத்திய ஆசிரியை அவர். தந்தையின் சொத்தில் சகோதரருக்கு இணையான பங்கு தமக்கும் உண்டு என வாதிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் முதல் நாளிலிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும் என்று நீதிபதிகள் கூறினர். அதன்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மேரி ராய் 2022-இல் காலமானார். அவர் பெற்றுத் தந்த உரிமை நிலைத்து நிற்கிறது. இந்துப் பெண்களுக்கும் மூதாதையர் சொத்தில் சம பங்கைத் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இலும் வழங்கின.

இரண்டும் ஒன்றல்ல

ஆகவே “பங்குக்குப் பதில் சீதனம்” என்ற வாதம் சட்டத்தின்முன் செல்லாது. நடைமுறையிலும் அது பொருந்தாது. பங்கு மகளின் பெயரில் இருக்கும். சீதனம் பெரும்பாலும் மாமியார் வீட்டுப் பெட்டிக்குள் போய்விடும். பங்குக்காக எந்தத் தந்தையும் கடன் வாங்குவதில்லை. சீதனத்துக்காக வீட்டையே அடகு வைப்பவர் உண்டு. பங்கை ஒருமுறை பிரித்தால் முடிந்தது. சீதனமோ தலைப்பிரசவம், தலைத்தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று தொடர்ந்துகொண்டே இருக்கும்.

1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். 1986-இல் செய்த திருத்தத்தின்படி இதற்குக் குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறையும், 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் உண்டு. கேட்பது மட்டுமே தனிக் குற்றம்.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் இருந்தும் வழக்கம் ஒழியவில்லையே, ஏன்? சம பங்கு உண்டு என்றாலும், மகனுக்கு மட்டும் உயில் எழுதுவோர் இருக்கிறார்கள். திருமணமான மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. கையெழுத்திட மறுத்தால் பிறந்த வீட்டின் உறவே போய்விடுமோ என்று அவள் அஞ்சுகிறாள்.

அன்புப் பெற்றோரே! நாங்கள் பிறந்த நாள் முதல் எங்கள் பெயரில் நகைச்சீட்டுக் கட்டுகிறீர்கள். உங்கள் அன்பை நாங்கள் அறிவோம். ஆனால் அப்பணத்தை எங்கள் மேற்படிப்புக்குத் தாருங்கள். உயில் எழுதும்போது மகனையும் மகளையும் சமமாக எண்ணுங்கள். உங்கள் மகன்களுக்குப் பெண் பார்க்கும்போது எதையும் கேட்காதீர்கள். தோழியரே! கையெழுத்திடும் எந்தப் பத்திரத்தையும் படித்துப் பார்ப்போம். நம் அண்ணன் தம்பிகளிடம் இன்றே இதைப் பற்றிப் பேசுவோம்.

முடிவுரை

சீதனம் பிறர் கேட்டுக் கொடுப்பது. சொத்துரிமை பிறப்பால் வருவது. மகளுக்கு வேண்டியது விலையன்று, உரிமையே. அதை வீட்டிலேயே வழங்கினால், நீதிமன்றப் படியேற வேண்டிய தேவை எந்த மகளுக்கும் வராது.